மார்கழியில் பத்திரிகை வைக்கப் போனவர்கள்

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஏகாம்பரமும் அவர் மனைவி பூங்காவனமும் பெரம்பூரிலிருந்து புறப்பட்ட மார்கழி இருபத்திரண்டாம் தேதி காலையில், வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, படியிறங்கித் தெருவில் கால் வைத்ததும் அவர்கள் இரண்டு பேர் மேல் மட்டும் பனி பெய்யத் தொடங்கியது. பனி என்றால் விடியற்காலையில் கோலத்தை நனைத்துவிட்டு எட்டு மணிக்குள் காணாமல் போகிற நம்மூர்ப் பனி இல்லை. மலைநாடுகளில் கூரையையும் மரத்தையும் மூடிக்கொண்டு கிடக்குமே, பஞ்சு பஞ்சாக, அந்தப் பனி. வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி துப்புரவாக இருந்தது. மின்கம்பிக்கு ஒரு முழம் மேலே எங்கிருந்தோ ஆரம்பித்து, ஒரு கோரைப்பாயை விரித்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்தில் மட்டும், அவசரமில்லாமல், சத்தமில்லாமல் அது பெய்தது. அவர்கள் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது.

எதிர்வீட்டு மல்லிகா கோலத்தின் கடைசி இழையை இழுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கோலமாவு டப்பாவில் ஈரம் பட்டுவிடப் போகிறதே என்று அதை இரண்டடி தள்ளி வைத்தாள். பிறகு, பத்திரிகை வைக்கத்தான் கிளம்பிவிட்டீர்களா என்று விசாரித்தாள். ஆமாம் என்றதும், மார்கழியில் பத்திரிகை வைத்தால் இப்படித்தான் ஏதாவது ஒன்று ஆகும், தன் சித்தி வீட்டில் மார்கழியில் எடுத்த முகூர்த்தப் புடவை தாலி கட்டுவதற்குள் சாயம் போய்விட்டது என்று சொன்னாள். சொல்லிவிட்டு, பாலைப் பொங்கவிட்டுவிட்டு வந்த ஞாபகம் வந்து உள்ளே ஓடினாள்.

மார்கழியில் சுபகாரியத்துக்கு யாரும் வாசல் தாண்டமாட்டார்கள் என்பது பூங்காவனத்துக்குத் தெரியாதா என்ன. முகூர்த்தம் தை ஐந்தாம் தேதி. தை பிறக்கட்டும் என்று காத்திருந்தால், பொங்கல் வேலைக்கும் கல்யாண வேலைக்கும் நடுவில் நான்கே நாளில் பெரம்பூரிலிருந்து ராயபுரம் வரை முப்பத்தோரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகப் போய் நின்று, தாம்பாளத்தை நீட்டி, குடும்பத்தோடு வரணும் என்று சொல்லி முடிக்க முடியுமா. தபாலில் அனுப்பினால் வராமல் இருப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். ஒருவர் மட்டும் போனால், ஏன் இன்னொருவருக்குக் கால் இல்லையா என்பார்கள். ஆகவே ஒரு துணிப்பையில் பத்திரிகைகளும், இன்னொன்றில் தாம்பாளம், குங்குமம், கல்கண்டு, வெற்றிலை பாக்குமாக அவர்கள் கிளம்பினார்கள், பனியும் கூடவே கிளம்பியது.

பூங்காவனத்துக்குக் குளிரவில்லை. அதை அவள் கவனித்தாள், ஆனால் ஆச்சரியப்படவில்லை. நான்கு வருஷமாக அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை, எதுவும் சுடுவதில்லை. ஒருநாள் தோசைக்கல்லில் கையை வைத்துவிட்டு, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எடுத்தாள். சாவு வீட்டில் எல்லாரும் அழும்போது, தனக்கும் அழுகை வருமென்று பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பாள், வராது, எழுந்து வந்து பாத்திரம் தேய்ப்பாள். உடம்பு முழுக்க மரத்துப் போய்விட்டது, அவ்வளவுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பல்டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் யாருடையதோ மாதிரி இருக்குமே, அந்த மாதிரி அவளுக்கு அவளே இருந்தாள்.

பஸ்ஸில் ஏறினார்கள். கூரையைப் பொருட்படுத்தாமல் பனி உள்ளேயும் பெய்தது. முன்சீட்டில் இருந்த அம்மாள் மடியிலிருந்த பள்ளிக்கூட நோட்டுகள் நனையவும், நடத்துநர் வந்து, மன்னிக்கணும் பெரியவரே, இறங்கிக்கொண்டால் நல்லது, நமக்குள் சண்டை வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். அது நியாயம்தான். ஆட்டோ பிடித்தார்கள். ஆட்டோக்காரர் இரண்டு சிக்னல் வரைக்கும் கழுத்தைக் குறுக்கிக்கொண்டு ஓட்டினார். மூன்றாவது சிக்னலில் பின்சீட்டில் முழங்கால் உயரத்துக்குப் பனி சேர்ந்து வண்டி ஒரு பக்கமாகச் சாயவே ஓரம் கட்டினார். வண்டி மாமியாருடையது, இல்லாவிட்டால் கொண்டுபோய் விட்டிருப்பேன் என்றார். பூங்காவனம் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து, தாம்பாளத்தில் வைத்து அவரிடம் நீட்டி, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்றாள்.

ஆட்டோக்காரர் திகைத்துப் போய் வாங்கிக்கொண்டார். ஏகாம்பரம் அதைப் பார்த்தார். பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

தட்டுவது அவர் தொழில். ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்து மூன்று வருஷம் சக்கரம் தட்டினவர். நீளக் காம்பு போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு; நல்ல சக்கரம் மணி மாதிரி கணீர் என்னும், விரிசல் விட்டது டப்பென்று அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவர் காதுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் கேட், கதவு, குடம், அடுத்த வீட்டு வண்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசுவதைத்தான் குறைத்துவிட்டார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், மழை பெய்த ஒரு சாயங்காலம், எண்ணூர் ரோட்டில் ஒரு லாரி திரும்பியபோது அவர்கள் மகன் முரளி செத்துப்போனான். வண்டியை ஓட்டினவன் அவன் சிநேகிதன் தணிகை. ராயபுரத்துப் பையன், பூ கட்டுகிற கன்னியம்மாவின் ஒரே பிள்ளை, ஆறாம் வகுப்பிலிருந்து இந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். தப்பு லாரிமேல்தான் என்று போலீஸ் சொன்னது, பார்த்தவர்கள் சொன்னார்கள், ஏகாம்பரமும் சொன்னார். பூங்காவனமும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில், காலில் கட்டோடு சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா என்று வந்து நின்ற தணிகையைப் பார்த்து அவள் ஒன்று கேட்டாள்: "அவன் வரல. நீ மட்டும் ஏன்டா வந்த?" அவன் வந்த வழியே திரும்பிப் போனான். அதற்குப் பிறகு பெரம்பூர்ப் பக்கமே வரவில்லை. அந்த நிமிஷத்தில்தான் தன் உடம்பு மரத்தது என்று அவளுக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது மகள் சுகந்தி ஒரே ஒரு காரியம் கேட்டிருந்தாள். கல்யாணத்தன்று மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வருவது பெண்ணின் கூடப்பிறந்தவன். மச்சான் மாலை என்று பெயர். முரளி இல்லாத இடத்தில் தணிகை அண்ணன்தான் நின்று அதைப் போட வேண்டும், அவர் வரவில்லையென்றால் வேறு யாரும் போட வேண்டாம், மாப்பிள்ளை தனியாக நடந்து வரட்டும் என்று சொல்லிவிட்டாள். பூங்காவனம் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. முப்பது வீட்டின் பெயரைத் தாளில் எழுதினாள். முப்பத்தொன்றாவது வரியைக் காலியாக விட்டாள். முப்பதையும் கடந்து அந்தக் காலி வரியை நோக்கித்தான் இப்போது அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் ஓட்டேரி, நாத்தனார் வீடு. நாத்தனார் வாசலிலேயே நிறுத்தி ஆரத்தி எடுக்கலாமா, பெருக்கித் தள்ளலாமா என்று யோசித்துவிட்டு, கடைசியில் பெரிய அன்னக்கூடையைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்து, அதில் விழுகிற மாதிரி உட்காரச் சொன்னாள். ஃபிரிட்ஜ் கெட்டு மூன்று நாளாகிறதாம். தோசை மாவு, தயிர், முந்தின நாள் மீன் குழம்பு எல்லாம் கூடைக்குள் வந்து அமர்ந்தன. உங்களுக்குக் குளிரவில்லையா அண்ணி என்று நாத்தனார் கேட்டாள். இல்லை என்றாள் பூங்காவனம். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட நாத்தனார், முரளி இருந்திருந்தால் என்று ஆரம்பித்துத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பூங்காவனம் அந்த அழுகையை எதிர்வீட்டு டிவி மாதிரி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நேரமாகிறது என்று எழுந்தாள்.

புரசைவாக்கத்தில் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. அவர் இவர்களைக் கட்டிலில் தமக்கு இரண்டு பக்கமும் உட்காரவைத்து, காலை நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். வீக்கம் வடிந்த பிறகுதான் விட்டார், பொங்கல் கழித்து இன்னொரு தரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகவேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். உனக்குக் குளிரவில்லையா என்று அவரும் கேட்டார், அவளும் அதே பதிலைச் சொன்னாள். இப்படியே வீட்டுக்கு வீடு கேட்டார்கள். ஏகாம்பரத்துக்கு மட்டும் குளிர் தாங்கவில்லை. உதடு நீலம் பாரித்து, தலையில் துண்டைக் கட்டி அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டே வந்தார், ஆனால் ஒரு வீட்டிலும் அதைச் சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருவருக்குக் குளிர்ந்து ஒருவருக்குக் குளிராமல் இருப்பது நல்லா இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ.

அவர்கள் போவதற்கு முன்னால் சேதி போய்விட்டது. சூளையில் நுழையும்போது தெருமுனையில் பாத்திரங்களோடு பெண்கள் நின்றார்கள். மீன்காரி ஒருத்தி கூடையைத் தலையிலிருந்து இறக்கி, ஒரு நிமிஷம் இங்கேயே நில்லுங்கள், வஞ்சிரம் வாடுகிறது என்று அவர்களை நடுரோட்டில் நிறுத்திவைத்தாள். சர்பத் கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக நீட்டினார். இஸ்திரி போடுகிறவர் மட்டும் கரி அணைந்துவிடும் என்று, ஐயா, அந்தப் பக்கமா போங்க என்று கெஞ்சினார். டிராஃபிக் போலீஸ்காரர் இவர்களுக்காக மற்ற வண்டிகளை நிறுத்தினார், பனி ரோட்டைக் கடந்து முடிகிற வரைக்கும் கையை இறக்கவில்லை. இது எதனால் என்று கேட்டவர்கள் குறைவு. எப்போது வரைக்கும் இருக்கும், நாளைக்கும் இந்தப் பக்கம் வருவீர்களா என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

கேட்ட எல்லாருக்கும் பூங்காவனம் பத்திரிகை வைத்தாள். மீன்காரிக்கு வைத்தாள், சர்பத் கடைக்காரருக்கு வைத்தாள், கரியணைந்த இஸ்திரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு வைத்தாள், போலீஸ்காரரின் சட்டைப் பையில் செருகினாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதிகப்படியாக இருபது எடுத்துப் போட்டுக்கொண்டிருந்ததால் முப்பது வீட்டுக்குக் குறை வரவில்லை. முன்பின் தெரியாதவர்களும் தாம்பாளத்தைத் தொட்டுக் கும்பிட்டு, வந்துவிடுகிறோம் என்று சொன்னார்கள். மெய்யாகவே வரக்கூடியவர்கள்தான். மண்டபத்தில் எத்தனை இலை போடுவது என்று ஏகாம்பரம் கவலைப்பட்டிருக்க வேண்டும், ஆனால் அவர் வீடுகளையும் வாசல்களையும் தட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

யானைகவுனிப் பாலத்துப் பக்கம் வந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. கீழே தண்டவாளங்கள் பளபளத்தன. இத்தனை வருஷமாக இந்த ஊரிலேயே இருந்தும் இதையெல்லாம் நடந்து பார்த்ததில்லை என்று பூங்காவனம் நினைத்தாள். கல்யாணமான புதிதில் ஏகாம்பரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சென்ட்ரல் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போயிருக்கிறார், சக்கரங்களை எப்படித் தட்டுவார்கள் என்று காட்ட. அன்றைக்குக் கால் வலித்ததும், அவள் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் நடந்ததும் ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததே தவிர, அது யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது.

மின்ட் தெருவில், கூட்டத்தில், இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒருவர் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி இரண்டு டம்ளர் சூடான பால் வாங்கிக் கொடுத்தார். பூங்காவனம் பைக்குள் கையை விட்டு, கடைசியாக இருந்த பத்திரிகையை எடுத்து அவருக்கு வைத்தாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள், பனிதான் கொட்டியது. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டிய இடம் அது. அவளுக்கு அப்படியும் இல்லை. முடிந்தது என்று மட்டும் தெரிந்தது.

பத்திரிகை தீர்ந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றாள். ஏகாம்பரம் அன்றைக்கு முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கையிலிருந்த வெறும் தாம்பாளத்தை விரல் முட்டியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ஒரு வூடு பாக்கி கீதே" என்றார்.

"வெறுங்கையோட போய் இன்னா பண்றது."

"வாயி இருக்குதுல்ல" என்று சொல்லிவிட்டு ராயபுரம் பக்கமாக நடந்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் இருபதடி, முப்பதடி என்று போய்விட்டார். பனி யாரோடு போவது என்று தெரியாமல், இரண்டு பேருக்கும் நடுவில், வெறும் ரோட்டில் பெய்துகொண்டிருந்தது. மீன்பாடி வண்டி ஓட்டி வந்த ஒருவர் அதன் கீழே வண்டியை நிறுத்தி, ஐஸ் செலவு மிச்சம் என்று பீடி பற்றவைத்துக்கொண்டார். சனங்கள் அவளைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். பத்திரிகை வைக்கப் புறப்பட்ட புருஷனும் பெண்டாட்டியும் நடுத்தெருவில் இப்படிப் பிரிந்து நிற்பது பார்க்க நன்றாக இல்லை என்று அவளுக்கே பட்டது. அதற்காகத்தான் நடந்தாள், வேறு எதற்காகவும் இல்லை. பனி அவசரமாக ஓடிவந்து சேர்ந்துகொண்டது.

ராயபுரத்தில் நுழைந்ததும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. காலையிலிருந்து எல்லா இடத்திலும் சனங்கள் கொஞ்சமாவது தடுமாறியிருந்தார்கள், பாத்திரத்தைத் தேடியிருந்தார்கள், எங்கே உட்காரவைப்பது என்று விழித்திருந்தார்கள். இங்கே யாரும் விழிக்கவில்லை. டீக்கடை மாஸ்டர் கல்லாவுக்கு அடியிலிருந்து இரண்டு சணல் சாக்கை எடுத்து நீட்டி, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாதத்தில் இதைச் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திருப்பத்தில் வழுக்கும் என்றார். குழாயடியில் நின்ற ஒரு பெண், தலையில் சேரவிடக்கூடாது, நூறு எண்ணுவதற்குள் ஒரு தரம் தட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தாள். சந்தின் நடுவில், சாக்கடைக்குச் சேருகிற மாதிரி, புதுசாகச் சின்ன வாய்க்கால் ஒன்று சிமெண்டு பூசி வெட்டியிருந்தது. அதில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தணிகை வூடுதானே?" என்று கேட்டாள் குழாயடிப் பெண். எப்படித் தெரியும் என்று இவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "நேராப் போங்க. தண்ணி வர்ற வழியாவே போனா வூடு வந்துரும்."

தண்ணீர் வந்த வழியாகவே போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு மண்வாரி சாத்தியிருந்தது. போன கோடையில் லாரித் தண்ணீர் வராத நாட்களில் இந்தச் சந்து மட்டும் தவிக்கவில்லை என்று ஒரு கிழவர் தாமாகவே சொன்னார். வெளியே யாரிடமும் சொல்வதில்லையாம். சொன்னால் கூட்டம் வரும், அந்தப் பையனுக்குக் கூட்டம் ஆகாது என்றார். பூங்காவனம் கேட்டுக்கொண்டே நடந்தாள். அவள் கை தானாகப் பின்னால் போய் கொண்டையிலிருந்த மல்லிகையைத் தொட்டது. முந்தாநாள் வாங்கிய பூ. ராயபுரத்துப் பூ என்று கேட்டு வாங்குவார்கள், நான்கு நாளானாலும் வாடாது, மூன்று வருஷமாகப் பெரம்பூர் வரைக்கும் அதற்குத்தான் கிராக்கி. யார் கட்டுகிற பூ, ஏன் வாடவில்லை என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அது ஒரே அறை, தகரக்கூரை. கதவு திறந்திருந்தது. உள்ளே, சரியாக ஒரு பாய் அகலத்துக்கு, பனி பெய்துகொண்டிருந்தது. அதன் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் தணிகை உட்கார்ந்திருந்தான். இருபத்தேழு வயசுப் பையனின் தலையும் புருவமும் தோளும் வெளுத்துக் கிடந்தன. காலைச் சுற்றி மல்லிகையும் கனகாம்பரமும் கூடை கூடையாக, அன்றைக்குப் பறித்த மாதிரி. அவன் விரல்கள் நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தன. நூறு எண்ணினானோ என்னவோ, தலையை ஒரு தரம் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தவன் வாசலில் நின்றவர்களைப் பார்த்தான். எழுந்து நிற்கப் பார்த்து, கால் இடறி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். வாங்க என்று சொல்லவில்லை. சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாதவன் மாதிரி நின்றான்.

கன்னியம்மாதான் உள்ளேயிருந்து வந்து, வாங்கக்கா, வாங்கண்ணா என்றாள். இரண்டு பேர் மேலும் பெய்கிற பனியைப் பார்த்தாள். வீட்டில் இன்னொருவருக்கும் காய்ச்சல் தொற்றிக்கொண்டதைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பலேர்ந்துக்கா?"

"காலையிலேர்ந்து" என்றாள் பூங்காவனம். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "இவனுக்கு?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தான் பாருங்க, அன்னிலேர்ந்து." அதில் குற்றம் சொல்கிற குரல் இல்லை. இருந்திருந்தால் பூங்காவனத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆயிரத்து நானூறு நாளுக்கு மேல் ஒரு பிள்ளை தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், தெருவே அதற்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்திருக்கிறது, அந்தப் பனியில் வாடாமல் இருந்த பூவை மூன்று வருஷமாகத் தான் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவள் நினைத்தாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டது தன் வாய்தான். லாரி இல்லை, மழை இல்லை, தன் வாய்.

ஏகாம்பரம் சட்டைக்குள் கையை விட்டு, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவிலிருந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது, நடுவில் சந்தனம் ஒட்டிக் காய்ந்தது. அச்சடித்து வந்தவுடன் முதல் பத்திரிகையை முரளியின் படத்துக்குக் கீழே வைத்தவள் அவளே. காலையில் பூட்டைப் பூட்டுவதற்கு முன்னால் அவர் ஒரு நிமிஷம் உள்ளே போய்விட்டு வந்தது இதற்குத்தானா. அவள் எல்லாவற்றையும் வழியிலேயே கொடுத்துத் தீர்த்துவிடுவாள் என்று அவருக்குக் கிளம்பும்போதே தெரிந்திருக்கிறது. நான்கு வருஷமாக அவளைத் தட்டிப் பார்க்காமலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

தாம்பாளத்தில் அதை வைத்து அவர் அவள் கையில் கொடுத்தார். காலையிலிருந்து முப்பது வீட்டிலும் தெருவிலுமாக ஐம்பது தடவை சொன்ன வார்த்தைகள்தான், எங்கள் வீட்டுக் கல்யாணம், குடும்பத்தோடு வந்திருந்து நடத்திக்கொடுக்கணும். அதில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. அவள் தாம்பாளத்தோடு நின்றாள், அவன் நாரோடு நின்றான், மூன்று பேர் மேலும் பெய்த பனி ஒன்றாகிவிட்டதில் அந்த அறையில் பனி படாத ஒரு மூலைகூட மிச்சமில்லாமல் வெளுத்துப் போயிற்று. கன்னியம்மா பூக்கூடைகளை ஓரமாக நகர்த்தினாள்.

"தணிகை" என்றாள் பூங்காவனம். "அன்னிக்கு நான் உன்ன அப்டிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா."

அவன் தலையை ஆட்டினான். ஆமாமென்றா, பரவாயில்லையென்றா, தெரியவில்லை.

"சுகந்தி உன்னதான் மாலை போடச் சொல்லுது. மச்சான் மாலை. நீ வரணும்."

அவன் வெகுநேரம் அந்தப் பத்திரிகையின் மஞ்சள் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். காய்ந்த சந்தனத்தைப் பார்த்ததும், அது யார் படத்தடியில் வைத்திருந்த பத்திரிகை என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"நான் வரட்டுமாம்மா?" என்றான்.

"வா."

"மண்டபமெல்லாம் ஈரமாயிடும்மா."

"ஆவட்டும்" என்றாள். "நாங்களும்தான் நனைஞ்சிகினு நிக்கறோம்."

தணிகை நாரைக் கீழே போட்டான். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினான். வாங்கும்போது அடியில் அவன் விரல்கள் அவள் விரல்கள்மேல் பட்டன. நான்கு வருஷம் பனியில் கிடந்த விரல்கள். மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலை நீட்டினால் ஊசி குத்துகிற மாதிரி ஒன்று ஓடுமே, அது அவள் விரல் நுனியில் தொடங்கி, மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கையைத் தாண்டி, தோளுக்கு வந்தது. பூங்காவனம் கையை எடுக்கவில்லை. பல் கிட்டித்துக்கொண்டது. முதுகுத்தண்டு வரைக்கும் நடுங்கியது.

"ஏங்க" என்றாள் ஏகாம்பரத்தைப் பார்த்து. "எனக்குக் குளிருது."